அவள் பாடாத வரி

பாட்டு அந்த இடத்துக்கு வந்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே கிதார் மட்டும்தான் வர வேண்டும். அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

ஒரு குரல் வந்தது.

நடுக்கமே இல்லாமல் மேலே ஏறி, உச்சியில் நின்று, நிதானமாக இறங்கியது.

அவளுடைய குரல்தான். இருபத்தைந்து வயதில் அவளிடம் இருந்த குரல்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். ஆட்டோ கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

‘ஈரச்சுவர்’ இசைக்குழு என்றால் இரண்டே பேர். ஷோபி பாடுவாள். ஆல்வின் கிதார் வாசிப்பான். கல்லூரி முடித்த கையோடு ஆரம்பித்து இரண்டு ஆல்பம் போட்டார்கள். மூன்றாவதைத் தொடங்கும்போது அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

கட்டியை எடுத்தார்கள். உயிர் தங்கியது.

பேச்சு கரகரப்பாகத் திரும்பி வந்தது. பாட்டு வரவில்லை.

அதன்பிறகு பத்து வருடம் ஆல்வின் வேறு யாரோடும் வாசிக்கவில்லை. விளம்பரங்களுக்கு இசை போட்டுப் பிழைத்தான். அவனோடு சேர்ந்து பாட எத்தனையோ பேர் வந்து கேட்டார்கள். “ஷோபி வரட்டும்” என்று சொல்லி அனுப்பினான்.

போன வருடம் அவள் ஒரு பாட்டு எழுதினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், வாயைத் திறந்தும் சத்தம் வராமல் கிடந்த நாட்களைப் பற்றி. பேசுவது போலவே பாடிவிடலாம். ஒரே ஒரு வரி மட்டும் மேலே போனது.

ஸ்டுடியோவில் அந்த வரியில் அவள் குரல் உடைந்தது. மறுபடி பாடினாள். மறுபடியும் உடைந்தது.

“விடு, கிதார் பாத்துக்கும்” என்றான் ஆல்வின்.

இன்று காலை பாட்டு வெளியானது. அவளுக்குத்தான் கேட்கப் பயமாக இருந்தது. மதியத்துக்குள் யார் யாரோ கேட்டுவிட்டு எழுதியிருந்தார்கள். இந்தக் குரலுக்கு வயசே ஆகவில்லை என்று.

தூத்துக்குடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“கேட்டேன்ட்டி. உங்க அண்ணன் போன்ல போட்டுக் காமிச்சான். பேசும்போதுதான் கரகரங்கு. பாடும்போது அந்தக் கொரல் அப்படியே வந்துட்டுல்லா.”

அம்மா அழுதுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில் படுத்துக் கிடந்தவள் அவள்தான்.

“ஆமாம்மா” என்றாள் ஷோபி.

அன்று மாலைக் கச்சேரிக்கான அரங்கத்தில் ஆல்வின் மேடைமேல் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். அவள் வந்து நின்றதும் தலையை நிமிர்த்தவில்லை.

“கேட்டுட்டியா?”

“யாருடா அது?”

“நீதான். நம்ம பழைய ரெக்கார்டிங் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல குடுத்து, உன் குரல்லயே அந்த வரியப் பாட வெச்சேன். வேற யார் குரலும் அதுல இல்ல.”

“அந்த வரிய நான் பாடினதே இல்லையே.”

அவன் ஒரு ஒயரைச் சுற்றினான். பிரித்தான். திரும்பவும் சுற்றினான்.

“கிதார் மட்டும் போட்டுப் பாத்தேன். அங்க ஒரு ஓட்டை மாதிரி இருந்துது. எல்லாரும் உன்னப் பாத்து பாவப்படுவாங்க. அத என்னால தாங்க முடியாது ஷோபி.”

அவன் முன்தலையில் முடி கொட்டியிருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மேடையில?”

“அந்த வரி மட்டும் டிராக்ல வரும். நீ வாயசைச்சா போதும்.”

கூட்டம் நிறைந்திருந்தது. பத்து வருடத்துக்கு முன் மேடைக்குக் கீழே குதித்து ஆடியவர்கள் இன்று தொப்பையோடும் குழந்தைகளோடும் வந்திருந்தார்கள். அவள் மேடைக்கு வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

புதிய பாட்டைத் தொடங்கினாள். கரகரத்த குரலில், பேசுவது போல.

அரங்கம் அசையாமல் கேட்டது.

அந்த வரி வந்தது.

அவள் வாயசைக்கவில்லை. பாடினாள்.

உடைந்தது. பெரிய ஒலிபெருக்கிகளில் ஒரு கணம் எல்லோருக்கும் கேட்கும்படி உடைந்தது. ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருந்தவர் மைக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை அணைத்துவிட்டார்.

பிறகு அந்தக் குரல் மட்டும் கேட்டது. தனியாக, சுத்தமாக, மேலே மேலே போனது.

கூட்டம் எழுந்துகொண்டது.

அவள் வரியைக் கடைசிவரை பாடி முடித்தாள். அவளுக்கே கேட்கவில்லை.

ஆல்வின் தந்திகளைப் பார்த்தபடியே வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.

நிகழ்ச்சி முடிந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். ஒரு பெண் ஓடி வந்தாள். கல்லூரியில் படிப்பவளாக இருக்கலாம். அழுது முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, எங்கப்பாவுக்குப் போன வாரம் தொண்டையில ஆபரேஷன். கோயில்ல பாடுறவரு அக்கா. இனிமே பாட வராதுன்னு சொல்லிட்டாங்க. சாப்பிடாம படுத்தே இருக்காரு.”

ஷோபி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு வந்த மாதிரி அவருக்கும் வரும்லக்கா?”

அவள் பேச வாயெடுத்தாள். அந்தப் பெண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷோபி வாயை மூடிக்கொண்டாள். தலையை மட்டும் அசைத்தாள். மேலும் கீழுமாக, நன்றாகத் தெரியும்படி.

அந்தப் பெண் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு ஓடினாள். கேட்டைத் தாண்டுவதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டாள்.

“அப்பா, அவங்களே சொல்லிட்டாங்கப்பா.”