காதுக்காக ஒரு கச்சேரி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

ஆல்டர்நேட்டிவ் ராக் குழுவை விட்டு வந்த டிரம்மர், வீட்டிலேயே ஒரு வருடம் பயிற்சி செய்து, தன் முதல் தனிக் கச்சேரியைக் கீழ்வீட்டு மாமாவின் காது ஆபரேஷன் நிதிக்காக வைத்தார். மாமாவுக்கு இடி விழுந்தாலும் கேட்காதாம். டிக்கெட் முந்நூறும் அந்தக் குடியிருப்பிலேயே விற்றுத் தீர்ந்தன.

கச்சேரி நாள். ஊர்க்கோடியில் ஒரு அரங்கம். மாலை ஆறு மணி. டிரம்மருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தாவது தடவையாகத் திரையை விலக்கிப் பார்த்தார். வெறும் நாற்காலிகள்.

"உன் டிரம்ஸைத் தனியா எவன் கேப்பான்னு குழுவுல சிரிச்சானுங்க. பலிச்சிடுச்சு பாரு!" என்று மனைவியிடம் பொருமினார்.

"புலம்பாதீங்க. மாமா வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

வேறு யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தார். மாமாவே எடுத்தார்.

"ஒருத்தரும் வரலையே..." என்று டிரம்மர் வாய்க்குள் முனகினார்.

"எல்லாரும் வீட்லதான் இருக்கோம் தம்பி," என்று மாமா கிசுகிசுத்தார். "பேரன் இப்பத்தான் அசந்து தூங்கறான். நீங்க நிதானமா வாசிங்க. டிக்கெட்டுல மூணு மணி நேரம்னு போட்டிருக்கு, ஒரு நிமிஷம் குறையக் கூடாது."

மாமாவுக்குப் பிறந்ததிலிருந்தே பாம்புக்காது.