நத்தை அழுத எட்டு வரிகள்

அன்று முருங்கை மரத்தடியில் இருந்தவர்கள் கதை எழுதும் அணில், கதை கேட்க வந்த தவளை, முதன்முதலாகக் கதையில் இடம் கிடைத்த நத்தை, மொத்தம் மூவர்.

மணலில் எழுதியிருந்த ஒன்பது வரிகளை அணில் வாசிக்க, நத்தை ஆசையாய்க் கொம்புகளை நீட்டிக் கேட்டது. ‘ஆணும் பெண்ணுமாய்ப் பிறந்தேனே’ என்று கதையில் வந்த நத்தை எட்டு வரிகள் அழுதது. ஒன்பதாவது வரியில் செத்துப்போனது.

“அணிலண்ணே, நத்தைங்க நாங்க அப்படித்தானே பிறக்கிறோம், இதுக்கு நான் எப்போ அழுதேன்?”

“கேக்கிறவங்க கண்கலங்க வேண்டாமா?”

“அதுக்கு நான் சாகணுமா? நேத்து ஒரு முருங்கைப்பூவுக்காக உங்களோட மல்லுக்கு நின்னேனே, அது எங்கே?”

தவளை சிரித்தது. “அதுல ஜெயிச்சது நீயாச்சே. அதை எப்படி எழுதுவாரு?”

அணில் வெட்கத்தோடு வாலால் மணலைத் துடைத்தது. ஒன்பது வரிகளில் மீதி நின்றது, ‘நத்தை’ என்ற ஒரு சொல்.