ஆறாவது ஆள்

"அண்ணி எங்கே?"

கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள் அவள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் காலையிலிருந்து படுக்கை விரிப்பு மடித்த கை. தோள்பையை இறக்கி வைக்கக்கூட வரமாட்டேன் என்றது.

"அக்கா மைதானத்துக்குப் போயிருக்கா," என்றான் கணவன், ராத்திரி வேலைக்குக் கிளம்பச் சட்டை பட்டனைப் போட்டபடி. "பொம்பளைங்களுக்கு வாலிபால் சொல்லித் தர்றாங்களாம்."

"வாலிபாலா?"

"இந்த வாரம் பூரா போறாளே, உனக்குத் தெரியாதா?"

சமையலறையை எட்டிப் பார்த்தாள். சாப்பிட்ட தட்டுகள் தொட்டியில் காய்ந்து கிடந்தன. நேற்றுவரை அரைகுறையாகவாவது சமையல் நடந்தது. இன்று அடுப்பே பற்றவில்லை.

"இந்த வயசுல பந்தாட்டம் கேக்குதா உங்க அக்காவுக்கு? நான் என்ன மனுஷியா, மெஷினா?"

"அதை அவகிட்டயே கேளு, என்னை விடு," என்று அவன் நைசாக நழுவிவிட்டான்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. வயிற்றில் இருந்தது தங்காமல் போனதிலிருந்தே அப்படித்தான். வேலை, வீடு, படுக்கை. யார் எங்கே கூப்பிட்டாலும் "முடியலை" என்று ஒரே பதில். பேச்சுத் துணைக்கு இருக்கட்டும் என்றுதான் கணவன் தன் அக்காவை வரவழைத்திருந்தான்.

நல்ல துணை!

கழற்றிய செருப்பையே மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தாள்.

தெருக்கோடி மைதானத்தில் வலை கட்டியிருந்தார்கள். அண்ணியின் காலடியில் பந்து பொத்தென்று விழுந்தது. அண்ணி அதை விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பந்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிக்கக் கூடாதுக்கா, தட்டணும்!" என்று கத்தினாள் பயிற்சி தரும் பெண். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"பிடிக்கக் கூடாதுன்னா அப்புறம் எதுக்கும்மா பந்து?"

எல்லோரும் சிரித்தார்கள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணி! வீட்ல போட்டது போட்டபடி கிடக்கு, இங்க நின்னு கூத்தடிக்கறீங்களா?"

மைதானமே திரும்பிப் பார்த்தது. அண்ணிக்கு முகம்கூடச் சுண்டவில்லை.

"வந்துட்டியா? எனக்கு மூச்சு வாங்குது. என் இடத்துல கொஞ்சம் நில்லு கண்ணு, தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்."

பதிலுக்கு நிற்காமல் போயே விட்டாள்.

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாது!"

"இங்க யாருக்குத் தெரியும்?" என்றாள் பயிற்சிப் பெண். "ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் வேணும். நீங்க போயிட்டா மத்தவங்க எல்லாம் சும்மா நிக்கணும். பந்து நம்ம பக்கம் தரையில விழக் கூடாது. மூணு தட்டுக்குள்ள வலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிடணும். ஒருத்தரே அடுத்தடுத்து ரெண்டு தடவை தட்டக் கூடாது. கையைச் சேர்த்து நீட்டுங்க. விரல்ல வாங்காதீங்க, முன்கையில வாங்குங்க."

முதல் பந்து தோளில் பட்டு எங்கோ ஓடியது. அடுத்தது காலடியில் விழுந்தது. 'சனியன், முடிச்சுட்டுப் போய்த் தொலையலாம்' என்று கையை நீட்டினாள். பொளேரென்று முன்கையில் விழுந்த பந்து, நேராக மேலே எழும்பியது. பக்கத்தில் நின்ற தையல்காரி அதை வலையோரம் ஏற்றிவிட, முன்னால் நின்றவள் ஓங்கி ஒரு அடி. எதிர்ப்பக்கம் ஒருத்தரும் தொடாமல் தரையில் விழுந்தது.

"நமக்குப் பாயிண்ட்!"

தையல்காரி இவள் முதுகில் ஒன்று வைத்தாள். "எடுத்தியே பாரு ஒரு எடுப்பு!"

இவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் கேட்டு இவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

பொழுது சாய்ந்து பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆடினாள். முன்கை இரண்டும் சிவந்து எரிந்தன. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. அப்போதுதான் அண்ணியின் நினைவே வந்தது. சுற்றிப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கப் போனவங்க ஆளையே காணோம் பாருங்க," என்றாள் மூச்சு வாங்க. "இனிமே நான் போய்த்தான் உலை வைக்கணும்."

வலையை அவிழ்த்துக்கொண்டிருந்த பயிற்சிப் பெண் நிமிர்ந்தாள்.

"அவங்க சமைக்கத்தான் போயிருக்காங்க. நாளையிலேருந்து வரவும் மாட்டாங்க."

"ஏன், என்னாச்சு?"

"அவங்களுக்கு முட்டி தேய்ஞ்சிருக்கு, குனியவே முடியாது. வந்த அன்னைக்கே சொல்லிட்டாங்க: 'என் தம்பி பொண்டாட்டி கூப்பிட்டா வரமாட்டா. வீட்டு வேலையைப் போட்டுட்டு நான் இங்க வந்து நின்னா, திட்டறதுக்காவது தேடி வருவா. அதுவரைக்கும் அவ இடத்துல நிக்கறேன், விரட்டிடாதீங்க'ன்னு."