தொட்டவர்கள் பட்டியல்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை அம்மாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தப் பக்கம் அக்கா, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

அம்மாவை நேற்றுத்தான் இந்தத் தனியறைக்கு மாற்றினார்கள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. அதன்பிறகு இந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு பூஞ்சை தொற்றி, ரத்தத்தில் கலந்துவிட்டது. கொடுத்த மருந்து எதற்கும் மசியவில்லை. கட்டில் கம்பி, கதவுப் பிடி, மனிதத் தோல் என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்குமாம்.

உள்ளே துணைக்கு ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். யார் வேண்டும் என்று கேட்டு வாய் மூடவில்லை, அம்மா சொல்லிவிட்டாள்.

"சின்னவ."

அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

இந்த ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்தது யார்? பெரிய டாக்டரின் பின்னாலேயே அலைந்து ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியது யார்? மூன்று வாரமாக ஒருநாள் தவறாமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது யார்?

சின்னவள் என்ன கிழித்தாள்? வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலோரமே கதியென்று உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதானே!

உள்ளே அம்மா ஏதோ சொன்னாள். முகக்கவசத்துக்குள் தங்கை சிரிப்பது அவள் தோள் குலுங்கியதில் தெரிந்தது. அம்மா அவளுடைய கையை, உறையோடு சேர்த்து, இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்று அக்கா உள்ளுக்குள் பொருமினாள்.

நர்ஸ் ஒரு டப்பா நிறையப் பஞ்சுக் குச்சிகளும் கையில் ஒரு தாளுமாக வந்தாள். யார் யார் தோலில் பூஞ்சை ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். தங்கையின் பெயரைச் சொன்னாள். வார்டு ஆயாவின் பெயரைச் சொன்னாள். மேலும் சில பெயர்களைப் படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

அக்கா விறுவிறுவென்று முன்னால் போனாள்.

"என் பேரு விட்டுப்போச்சு சிஸ்டர். நான்தான் மூத்த பொண்ணு."

நர்ஸ் தாளைப் பிரித்து, மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"நீங்க பயப்படவே வேணாம்மா. இது அம்மாவத் தொட்டவங்க லிஸ்ட்டு. ஒருத்தர் விடாம அம்மாவே சொன்னாங்க."

அக்கா தாளை எட்டிப் பார்த்தாள். பதினோரு பெயர்கள் இருந்தன.

பழைய வார்டில் பக்கத்துக் கட்டில்காரியின் மருமகள் பெயர்கூட அதில் இருந்தது. ஒருநாள் அம்மாவுக்கு இருமல் வந்தபோது முதுகைத் தடவிக் கொடுத்தாளாம்.