பளீல் முதலாளியின் மோகினி

காக்கிக் கோட்டும் காதில் பென்சிலுமாக பஸ்ஸை விட்டு இறங்கிய ஆள் எவனும் இதுவரை பளீலின் கடைக்கு நல்லது கொண்டுவந்ததில்லை. இந்த ஆள் இறங்கியதும் உள்ளே வரவுமில்லை. பின்பக்கம் போய் மாடு கட்டும் கொட்டிலைப் பார்த்து, வைக்கோலைக் கையில் எடுத்து முகர்ந்து, பிறகு ஆறுதலாக வந்து வாங்கில் உட்கார்ந்தான்.

"ஒரு பிளேன்டி குடுங்க நானா. அப்பிடியே இந்த ஊர்ப் பழைய கதை ஏதாச்சும் ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க."

பளீலின் கை தேயிலைச் சாயம் ஊற்றுவதை நிறுத்தியது. "எந்தக் கதை?"

"அந்த மோகினிக் கதைதான்."

கடுகண்ணாவைக் கணவாயின் அடியில் இருக்கும் அந்தச் சாப்பாட்டுக் கடையில் பாதிப் பாரத்தைத் தூண்கள் தாங்கின. மீதியை மோகினி தாங்கினாள். பொழுது சாய்ந்து கணவாய் ஏறுகிற மாட்டுவண்டியை வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி மறித்து, கைப்பிள்ளையைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்வாளாம். பிடித்தவன் கண்டி போய்ச் சேரமாட்டானாம். ஆகவே கொழும்பிலிருந்து வருகிற வண்டிக்காரர்கள் பளீலின் கொட்டிலில் மாட்டைக் கட்டி, பளீலின் சோற்றைத் தின்று, பளீலின் பாயில் படுத்து, விடிந்த பிறகுதான் மேலே ஏறுவார்கள்.

கதையைக் கட்டியவர் பளீலின் வாப்பா. மௌத்தாகும்போது அவர் மகனுக்கு விட்டுப்போன சொத்து இரண்டு: கடையும் அவளும்.

அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து மனைவி கைரியா குசுகுசுத்தாள். "அரசாங்கக் கச்சேரி ஆளாட்டம் ஈக்கிது. பொய் செல்லி வண்டிய மறிக்கிறோம்னு ஆரோ பெட்டிசம் போட்டிருக்காங்க. அப்பிடி ஒண்ணும் இல்லன்னு செல்லிருங்க."

"எப்பிடிச் செல்ற? அவன் ஈக்கிறானே."

அவன் என்றது மற்ற வாங்கில் அப்பம் தின்றுகொண்டிருந்த கறுப்பையாவை. கறுப்பையா வண்டிக்காரன், அவன் காதில் விழுந்தது அடுத்த நாளே கொழும்பு துறைமுகம் வரைக்கும் போய்ச் சேரும். மோகினி இல்லையென்றால் கடை போச்சு. உண்டென்றால் கச்சேரி வாசலில் நிற்கவேண்டும். பளீல் தேத்தண்ணியைக் கொண்டுபோய் வைத்தார்.

"அவ எந்த பாஷையில பேசுவா?" அந்த ஆள் கேட்டான்.

"வண்டிக்காரனுக்கு எந்த பாஷை வருமோ, அதுல."

"லொறிய மறிப்பாளா?"

"ஓடுற லொறிய எப்பிடி மறிக்கிற? கையில பிள்ளை ஈக்கிதே."

"நாயம்தான்." அவன் பென்சிலை எடுத்துக் காதைச் சொறிந்துகொண்டான். "ஆரு பார்த்தது?"

"நாந்தான்," என்றான் கறுப்பையா, கேட்காமலே. "அந்த வளைவுல வச்சு. எம்மாடு ரெண்டும் நின்ன எடத்துலயே கண்ணீர் விட்டுச்சுங்க."

"அவ மொகம் எப்பிடி?"

"நான் கண்ண மூடிக்கிட்டேன். மாடுதான் பார்த்துச்சு."

பளீலுக்கு இப்படியொரு சாட்சி கிடைத்ததில் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. கொட்டில் நிறைய மாடு. இது விசாரணைக்குப் போனால் எல்லாவற்றையும் கூப்பிடுவார்களோ என்னவோ.

அந்த ஆள் தேத்தண்ணியை மிச்சமில்லாமல் குடித்தான். குடித்த கோப்பையைத் தானே செம்புத் தண்ணீரில் அலம்பி, அடியைத் துடைத்து, பலகையில் கவிழ்த்து வைத்தான். அடியில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறான் போலும். சுகாதாரமும் சேர்ந்து வந்திருக்கிறது என்று பளீல் நினைத்துக்கொண்டார்.

"வெறகு, வைக்கோலெல்லாம் வண்டிக்காரங்க வாங்குறாங்களா, நீங்களே குடுக்குறீங்களா?"

"அது என்னத்துக்கு ஒங்களுக்கு?"

"சும்மா கேட்டேன். கடைசியா ஒண்ணு, நானா. நெசமாச் சொல்லுங்க. மோகினி இருக்காளா, இல்லையா?"

கறுப்பையாவின் கையில் அப்பம் பாதி வழியில் நின்றது. திரை அசைந்தது. பளீல் ஒரு முறை கணவாயைப் பார்த்தார், ஒரு முறை கொட்டிலைப் பார்த்தார். வருவது வரட்டும், வாப்பாவின் சொத்தை விடக்கூடாது.

"ஈக்கிறா. எங்கட வாப்பா கண்ணால கண்டவர்."

"அவரைப் பார்க்கலாமா?"

"மௌத்தாகிட்டாரு."

"மோகினியாலயா?"

"இல்ல. பலாப்பழத்தால."

கறுப்பையா பெரிய மூச்சாக விட்டு, கையை உதறிக்கொண்டு எழுந்தான். "நல்லவேளை, இன்னைக்கு ராத்திரியே ஏறலாம்னு இருந்தேன்," என்று சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்துக் கொட்டிலில் கட்ட வெளியே போனான்.

அவன் போய் மறைகிற வரைக்கும் அந்த ஆள் பார்த்திருந்தான். பிறகு எழுந்து, ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, பளீலுக்கு மிக அருகில் வந்தான். இனி விலங்குதான் என்று பளீல் கையைத் துடைத்து நீட்டத் தயாரானார்.

"நமக்கு ஊரு புசல்லாவை, நானா," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "றோட்டோரமா ஒரு சோத்துக்கடை போட்டு ஒக்காந்திருக்கேன். ஒரு வண்டி நிக்க மாட்டேங்குது. ஒங்க மோகினிக்குத் தங்கச்சி யாராச்சும் இருக்கா?"