ஜெபராணிக்கு மட்டும்

“உங்க ஜாடி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீகளா மதினி?” என்றாள் ஜெபராணி.

இவாஞ்சலின் பையை இழுத்து மூடினாள். ஜெபராணியின் கணவன் ஜஸ்டினின் அக்கா, கல்யாணம் செய்துகொள்ளாதவள். பதினைந்து வருடம் போடியில் தம்பி வீட்டுச் சமையலறையை ஆண்டுவிட்டு, கெங்குவார்பட்டிப் பழைய வீட்டில் தனியாக இருக்கக் கிளம்புகிறாள். வாசலில் ஆட்டோ நின்றது.

எல்லாம் ஊறுகாயில் வந்த சண்டை.

ஒவ்வொரு ஜாடியிலும் கறுப்புப் பெயிண்டால் என்ன ஊறுகாய், எந்த வருடம் என்று இவாஞ்சலின் எழுதிவைப்பாள். பெரிய ஜாடியை ஜெபராணி தொட்டால், “அது உனக்கில்ல” என்பாள். விளக்கிப் பேசும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

ஜெபராணிக்கு ஒரேயொரு சின்ன ஜாடி. ‘ஜெபராணிக்கு மட்டும்.’ மிச்சம் மீதியைத் தள்ளுகிற ஜாடி என்று அவள் அதைத் திறந்ததே இல்லை.

நேற்று பொறுக்க முடியவில்லை. பள்ளியில் சரித்திர டீச்சர் அல்லவா!

“எகிப்துலயும் பானையில சரக்கு, வருஷம், தோட்டத்துப் பேரு எல்லாம் எழுதி வச்சாக மதினி. செத்துப்போன ராஜாவுக்கு! இங்கன உசுரோட இருக்கவளுக்கே தனிப் பானை!”

“அப்ப நான் போயிர்றேன்.”

ஜஸ்டின் கெஞ்சினான். ஜெபராணி கெஞ்சவில்லை.

இப்போது பையைத் தூக்கியபடி இவாஞ்சலின் திரும்பினாள். “அந்தச் சின்ன ஜாடிய இந்த மாசத்துக்குள்ள சாப்பிட்டுரு ஜெபா. அதுக்கு மேல தாங்காது.”

“கெடப்போறதுக்குத்தான் என் பேரு எழுதுவீகளாக்கும்?”

அக்காவும் தம்பியும் ஏறினார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பியது.

கொட்டிவிடலாம் என்று ஜாடியைத் திறந்தாள். புதிதாக வறுத்த வெந்தய வாசம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். வதக்கிய நார்த்தங்காய். புளிப்பு, உறைப்பு. உப்பு மட்டும் இல்லை.

ஜாடியைத் திருப்பினாள். எப்போதும் சுவரைப் பார்த்திருந்த பக்கம் அது. கழுத்திலிருந்து அடிவரை பொடி எழுத்தில் தேதிகள், மாதத்துக்கு ஒன்றாக. ஒவ்வொன்றும் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது.

முதல் தேதி, ஜூன் 2019. ரத்த அழுத்தம் ஏறி அவள் வகுப்பில் மயங்கி விழுந்த வாரம். உப்பைக் கையால் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரம்.

மாதாமாதம் அவள் தொடாமல் கெட்டதைக் கொட்டி, மாதாமாதம் புதிதாகப் போட்டிருக்கிறாள் மதினி.

கடைசித் தேதி மட்டும் அடிக்கப்படவில்லை. ஜெபராணி அதன்மேல் விரலை வைத்தாள். பெயிண்ட் ஒட்டியது.

இன்றைய தேதி.