டாக்டர் அறையின் தனிப் பிரதி

பொதுவானது என்றால் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று மனித குலம் நம்பி வருகிறது. இந்தப் பிழையை உடனே திருத்தியாக வேண்டும். 'பொது' என்று பெயர் சூட்டிவிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். வெப் அப்ளிகேஷனில் அதற்கு ஒரே ஒரு வரி போதும்.

அன்று கிளினிக்கின் ஹாலில் இருந்த திரை, உள்ளே போயிருப்பவர் எண் 24 என்றது. டாக்டர் அறைக் கதவின் மேலிருந்த திரை 31 என்றது.

"நடுவுல ஏழு பேர் எப்படிம்மா போனாங்க?" ரிசப்ஷன் அக்காவிடம் மேனேஜர் கத்தினார். "வேண்டியவங்களைப் பின்வாசல் வழியா விடுறியா? அஞ்சு மணிக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா நாளைக்கு வராதே."

அக்கா அடுத்தவரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து எண் போட்டார். வரவழைக்கப்பட்டிருந்த புரோகிராமருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவங்களைத் திட்டாதீங்க சார். தப்பு எங்க புரோகிராம்லதான் இருக்கும். பாக்கறேன்."

பார்த்தார். தலை சுற்றியது. எண் கொடுக்கும் சர்வீஸ், அதாவது புரோகிராமின் எண்ணும் பகுதி, ஒன்றுதான். ரிசப்ஷன், ஹால், டாக்டர் அறை மூன்றின் திரைப் பக்கங்களும் அதனிடம்தான் கேட்க வேண்டும். எழுதியவரே அவர்தான். ஒரே வாய் எப்படி இரண்டு எண் சொல்லும்?

மூன்றாம் தடவை படித்தபோது அகப்பட்டது. டாக்டர் அறைத் திரைக்கான பக்கத்தில் ஒரு வரி கூடுதல். அதனால் அந்த அறைக்கு மட்டும் அதே சர்வீசின் தனிப் பிரதி ஒன்று கிடைத்து, உள்ளே போகிற எல்லாரையும் தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. அது அடையாள அட்டையும் கேட்கவில்லை.

அவர் கம்பெனியில் மொத்தமே இரண்டு பேர். இன்னொருவருக்கு போன் போட்டார்.

"மச்சான், டாக்டர் ரூமுக்குத் தனியா ஒண்ணு போட்டது நீயா?"

"ஒரு டீ வாங்கிக் கொடுத்தாங்க மாப்ள." மச்சான் போனை வைத்துவிட்டார்.

யார் வாங்கிக் கொடுத்தது? எதற்கு? ஒன்றும் விளங்கவில்லை. போகட்டும், அக்கா தப்பித்தார். புரோகிராமர் அவரிடம் துள்ளிக்கொண்டு ஓடினார்.

"அக்கா, உங்க மேல தப்பே இல்ல! ஒரு வரியைத் தூக்கிட்டா எல்லாம் ஒண்ணாயிடும்."

"தூக்கிடாதீங்க தம்பி." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அட்டை இல்லேன்னா இங்க நம்பர் விழாது. அட்டை இல்லாதவங்களுக்கும் காய்ச்சல் வருதே. நான்தான் போடச் சொன்னேன்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அவங்க அட்டையா பாக்கறாங்க? நாக்கை நீட்டச் சொல்லித்தான் பாக்கறாங்க."

"அப்போ மேனேஜர் சொன்ன பின்வாசல்...?"

"அதேதான்."

புரோகிராமர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலே முக்கால்.

கதவின் மேலிருந்த திரையை மட்டும் பொது எண்ணுக்கு மாற்றினார். தனிப் பிரதியைத் தொடவில்லை. 'தவறு முழுக்க எங்களுடையது. ரிசப்ஷனுக்குச் சம்பந்தமில்லை' என்று மேனேஜருக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

மறு வாரம் ஒப்பந்தம் வேறு கம்பெனிக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த புதுப் புரோகிராமருக்கு அக்கா ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.